குழாயடியில் ஒரு யானை

முதலில் பெயர்ப் பொருத்தம் பார்த்துவிடலாம். ‘ஆக்மென்டட் ரியாலிட்டி’ என்று ஒரு சமாசாரம். சுருக்கமாக ஏ.ஆர். தமிழில் ‘மிகை மெய்ம்மை’ என்கிறார்கள். ஏதோ சித்தர் பாட்டில் வருகிற வார்த்தை மாதிரி இருக்கிறதல்லவா? பயப்பட வேண்டாம். உங்களுக்கு அது ஏற்கெனவே பழக்கம்தான். 2016-ல் போக்கிமான் கோ என்று ஒரு விளையாட்டு வந்ததே... கல்யாண வயசுப் பையன்கள் எல்லாம் செல்போனை நீட்டிக்கொண்டு, பிள்ளையார் கோயில் வாசலில் இல்லாத ஜந்துவைத் தேடி அலைந்தார்களே, அதுதான். கோயில் நிஜம். ஜந்து பொய். போனுக்குள் பார்த்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்!

இதற்கு ஒரு ஒன்றுவிட்ட சகோதரி உண்டு. பெயர் வர்ச்சுவல் ரியாலிட்டி, வி.ஆர். அது கண்ணை முழுசாக மூடிக் கட்டி வேறு உலகத்துக்கே கூட்டிக்கொண்டு போய்விடும். வித்தியாசம் எளிது. வி.ஆர். என்பது இருக்கிற வீட்டைக் காலி செய்துவிட்டு வேறு வீட்டுக்குக் குடி போவது. ஏ.ஆர். என்பது இருக்கிற வீட்டு வாசலிலேயே ஒரு கோலம் போடுவது. வாசல் அப்படியே இருக்கும். கோலம்தான் கூடுதல்.

இதன் பூர்வீகம் பெரியது. 1968-லேயே ஐவன் சதர்லண்ட் என்ற அமெரிக்கர் தலையில் மாட்டுகிற ஒரு கருவி செய்தார். கனம் தாங்காமல் அதை உத்தரத்திலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். மாட்டிக்கொண்டு பார்த்தால் அறையும் தெரியும், அறைக்குள் கம்பிக் கோடுகளால் ஆன உருவமும் மிதக்கும். ‘ஆக்மென்டட் ரியாலிட்டி’ என்று நாமகரணம் நடந்தது 1990 வாக்கில், போயிங் விமானக் கம்பெனியில். டாம் காடெல் என்பவர் வைத்த பெயர். விமானத்துக்குள் போகிற ஒயர்கள் ஒன்றா இரண்டா? பெரிய பலகைகளின் மேல் ஒயர்களை வரிசையாகப் பிடித்துக் கட்ட வேண்டும். எது எங்கே போகிறது என்று தொழிலாளி ஒவ்வொரு தடவையும் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க முடியுமா? அந்தப் பலகையின் மேலேயே ‘அடுத்தது இங்கே’ என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? இதுதான் யோசனை.

இந்த ஒயர் சமாசாரத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ‘புத்தகத்தில் அல்ல, வேலை நடக்கிற இடத்திலேயே சொல்லிக்கொடு.’ இந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கட்டுரையே.

என் அக்கா பையனுக்கு எட்டு வயசு. ஆட்டிசம். பேச்சு கம்மி. பல்லாவரத்திலிருந்து பீச் ஸ்டேஷன் வரை எல்லா மின்சார ரயில் நிறுத்தமும் வரிசையாகத் தெரியும். ஆனால் தாகம் எடுத்தால் ‘தண்ணி’ என்று கேட்க வராது. அவனுக்குப் பொருள்களின் பெயர் சொல்லித்தர அக்கா ஒரு அட்டைக் கட்டு வாங்கினாள். அட்டையில் தம்ளர் படம் இருக்கும். ‘தம்ளர் எது?’ என்றால் சட்டென்று எடுத்துக் கொடுப்பான். பத்துக்குப் பத்து மார்க்.

அதே பையனை சமையலறைக்கு அனுப்பி ‘தம்ளர் எடுத்துட்டு வா கண்ணா’ என்றால் நடு ஹாலில் அப்படியே நிற்பான். காரணம், அட்டையில் இருந்தது கண்ணாடி கிளாஸ், அதுவும் ஆரஞ்சு ஜூஸோடு. எங்கள் வீட்டில் இருப்பது எவர்சில்வர். கீழே அம்மாவின் இனிஷியல் வேறு வெட்டியிருக்கும். அவனைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறு சாமான். யோசித்துப் பார்த்தால் அவன் சொல்வதுதான் சரி!

ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கும், அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள பல குழந்தைகளுக்கும் இதுதான் பெரிய மலை. ஓரிடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்கு எடுத்துப் போவது கஷ்டம். வகுப்பறையில் கற்ற கழித்தல் கணக்கு பெட்டிக்கடையில் சில்லறை வாங்கும்போது கூட வராது. நாம் அட்டையிலிருந்து அடுப்படிக்கு ஒரே தாவலாகத் தாவிவிடுகிறோம். அவர்களுக்கு நடுவில் ஒரு பாலம் வேண்டும். போயிங் தொழிலாளிக்குச் செய்த மாதிரி, பாடத்தைத் தூக்கிக்கொண்டு போய் வேலை நடக்கிற இடத்திலேயே ஒட்டிவிட்டால் என்ன?

ஒட்டிப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் டென்னஸி பல்கலைக்கழகத்தில் டேவிட் சிஹாக் என்ற பேராசிரியரின் குழு, ஆட்டிசம் உள்ள மூன்று தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏ.ஆர். வைத்துச் சொல்லிக்கொடுத்தது. 2016-ல் வெளியான ஆய்வு. என்ன பாடம்? ராக்கெட் விடுவது அல்ல. பல் தேய்ப்பது! ஒரு படத்தின் மேல் போனைக் காட்டினால், எப்படிப் பல் தேய்ப்பது என்ற வீடியோ அங்கேயே ஓடும். மூன்று பேரும் கற்றுக்கொண்டார்கள். இதற்கு முந்தின வருஷம், அறிவு வளர்ச்சிக் குறைபாடும் ஆட்டிசமும் உள்ள கல்லூரி வயசு மாணவர்களுக்கு ஊருக்குள் வழி கண்டுபிடிக்கவும் இதே முறையைப் பயன்படுத்தினார்கள். காகித வரைபடம், போனில் வரைபடம், ஏ.ஆர். என மூன்றையும் கொடுத்துப் பார்த்தார்கள். எதிரே இருக்கிற தெருவின் மேலேயே ‘இப்படிப் போ’ என்று காட்டிய ஏ.ஆர்.தான் ஜெயித்தது.

பல் தேய்க்க ஒரு ஆராய்ச்சியா என்று சிரிக்காதீர்கள். என் அக்கா சிரிக்க மாட்டாள். இப்படிப்பட்ட குழந்தையைப் பெற்றவர்கள் வெளியே சொல்லாமல் ராத்திரி மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே, வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு, என்னிடம் கேட்டாள்.

“எனக்கப்புறம் இவனை யாருடா பார்த்துப்பா?”

“நான் இருக்கேன்க்கா” என்றேன். சினிமாவில் அது க்ளைமாக்ஸ் வசனம். நிஜத்தில் அவளுக்கும் எனக்கும் ஏழே வயசுதான் வித்தியாசம். அந்தக் கேள்விக்கு உருப்படியான பதில் என்றால், அவன் தானாகச் செய்துகொள்கிற ஒவ்வொரு காரியமும்தான். பல் தேய்ப்பது ஒரு சின்ன பதில்.

அதனால் நாங்களும் முயற்சி செய்தோம். படத்தின் மேல் போனைக் காட்டினால் வீடியோ ஓடுகிற மாதிரி செய்துகொள்ள இலவசமாகவே ஆப்கள் கிடைக்கின்றன. ராக்கெட் சயன்ஸ் இல்லை. அவனுக்குச் சொல்லித்தருகிற ஸ்பெஷல் டீச்சரிடம் யோசனை கேட்டோம். “மொத்தமா ஒரே வீடியோ எடுக்காதீங்க சார். துண்டு துண்டா எடுங்க. அவனோட பிரஷ், அவனோட குழாய், அதுதான் இருக்கணும்” என்றார். எழுதிப் பார்த்தால், குழாயைத் திறப்பதிலிருந்து பிரஷ்ஷைத் திரும்ப வைப்பது வரை ஒன்பது காரியங்கள் வந்தன. நாம் தூக்கத்திலேயே செய்கிற வேலைக்குள் ஒன்பது காரியம்!

நடிகர், அத்தான். லுங்கியோடு நின்று நீல பிரஷ்ஷில் பேஸ்ட் வைக்கும் காட்சி ஏழு டேக் போயிற்று. கமலஹாசன் கூட இத்தனை நுணுக்கமாகப் பேஸ்ட் வைத்திருக்க மாட்டார். குழாய்க்கு மேல் ஒரு யானைப் படம் ஒட்டினோம். போனை யானைக்கு நேரே காட்டினால், யானை இருந்த இடத்தில் அத்தானின் கை வந்து வேலையைச் செய்யும்.

முதல் வாரம் பையன் பல்லே தேய்க்கவில்லை. யானை அப்பாவாக மாறுவதையே திரும்பத் திரும்ப நாற்பது தடவை பார்த்தான். கடைசியில் பேஸ்ட்டைச் சாப்பிட்டான். டீச்சர் கேட்டுவிட்டுச் சிரித்தார். “போன் அவன் கையில இருக்கக் கூடாது சார். உங்க கையில இருக்கணும். ஒரு துண்டு பார்த்தா ஒரு வேலை. அப்புறம்தான் அடுத்த துண்டு.”

இரண்டாம் வாரம் பிடிபட்டது. அதற்கப்புறம்தான் முக்கியமான வேலை. வாரத்துக்கு ஒன்றாகவும் இரண்டாகவும் வீடியோவைக் குறைக்கச் சொன்னார் டீச்சர். சைக்கிள் கற்றுத்தருகிறவர் பின்னால் ஓடிவந்து, கேரியரிலிருந்து சொல்லாமல் கையை எடுப்பார் பாருங்கள், அந்த மாதிரி. ஏழாவது வாரம் போனே தேவைப்படவில்லை. யானையை ஒரு தரம் தொட்டுவிட்டுத் தானாகத் தேய்க்க ஆரம்பித்துவிட்டான்.

பெரியப்பா வீட்டுக்கு மதுரை போனபோது மட்டும் அந்தக் குழாயடியில் சிலையாக நின்றுவிட்டான். குழாய் வேறு, ஊர் வேறு. அக்கா உஷாராக யானையின் இன்னொரு பிரதியைக் கைப்பையில் கொண்டுபோயிருந்தாள். ஒட்டியதும் தேய்த்தான். யானை இன்னமும் இருக்கிறது. இருக்கட்டுமே! நாம் மட்டும் என்ன, சாமி படத்தைத் தொட்டுக் கும்பிடாமலா கடை திறக்கிறோம்?

குழாய்க்கு யானை ஒட்டலாம். மனுஷ முகத்துக்கு என்ன ஒட்டுவது? ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்கு எதிரில் இருப்பவர் கோபமாக இருக்கிறாரா, கிண்டல் செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வது கஷ்டம். இதற்கு அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு கண்ணாடி செய்தார்கள். கேட்டலின் வாஸ் என்ற இளைஞர் படிக்கும்போதே ஆரம்பித்த வேலை. அவருடைய சொந்தத்தில் ஆட்டிசம் உள்ள ஒரு பையன் உண்டு. டென்னிஸ் வால் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் அது வளர்ந்தது.

கூகுள் கிளாஸ் என்று ஒன்று 2013-ல் வந்தது ஞாபகம் இருக்கிறதா? ஃப்ரேமில் ஒரு காமிரா, வலது கண்ணுக்கு மேல் குட்டியாக ஒரு திரை. அதைக் குழந்தை மாட்டிக்கொள்ளும். எதிரில் உள்ள முகத்தைக் காமிரா பார்த்து, கூட இருக்கிற போன் கணக்குப் போட்டு, சந்தோஷம், கோபம், பயம், ஆச்சரியம் என்று எட்டு பாவங்களில் எது என்று கண்டுபிடித்துத் திரையில் ஒரு பொம்மை முகமாகக் காட்டும், காதிலும் சொல்லும். நம் நாட்டியக்காரர்கள் நவரசம் என்கிறார்கள், இயந்திரத்துக்கு ஒன்று குறைச்சல்!

6 முதல் 12 வயது வரை உள்ள 71 குழந்தைகளை வைத்துச் சோதித்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான பயிற்சி எல்லாருக்கும் உண்டு. அதில் 40 பேருக்கு மட்டும் கண்ணாடியும் சேர்த்து. ஆறு வாரம், வாரத்துக்கு நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் 20 நிமிஷம், அவரவர் வீட்டிலேயே. மற்றவர்களோடு பழகும் திறமையை அளக்கிற ஒரு சோதனையில், கண்ணாடி போட்ட குழந்தைகள் மற்றவர்களைவிட அதிகமாக முன்னேறியிருந்தார்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு பொறி தட்டியது. அந்தக் கண்ணாடியில் ஒரு விளையாட்டு உண்டு. எதிரில் இருப்பவரைச் சிரிக்க வைக்க வேண்டும். சிரித்தால் குழந்தைக்கு வெற்றி. சரி, எதிரில் யார்? அம்மா, அப்பா, அண்ணன், தாத்தா. அதாவது ஆறு வாரம், வாரத்துக்கு நான்கு நாள், வீட்டில் யாராவது ஒருவர் டி.வி.யை அணைத்துவிட்டு, அந்தக் குழந்தைக்கு எதிரில் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தே ஆக வேண்டும். கண்ணாடி எவ்வளவு வேலை செய்தது, அந்த உட்கார்தல் எவ்வளவு வேலை செய்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்துதான் நடந்தது என்பது மட்டும் நிச்சயம்.

நம் நிலைமையைச் சொல்லுங்கள். ராத்திரி எட்டரை மணிக்கு, கிண்டியிலிருந்து நின்றுகொண்டே ரயிலில் வந்து, மேனேஜரின் கடைசி மெயிலை மனசுக்குள் மென்றுகொண்டு வீட்டுக்குள் நுழைகிற முகம் இருக்கிறதே... எட்டு பாவத்தில் ஒன்றைக்கூட எந்தக் கண்ணாடியாலும் அதில் கண்டுபிடிக்க முடியாது! இயந்திரமே திணறும் என்றால் குழந்தை என்ன செய்யும்?

இன்னொரு கட்சியும் உண்டு. ‘நாங்கள் ஏன் உங்கள் முகத்தைப் படிக்கப் பயிற்சி எடுக்க வேண்டும்? எங்கள் முகத்தைப் படிக்க நீங்கள் எப்போது பயிற்சி எடுக்கப் போகிறீர்கள்?’ என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் கேட்கிறார்கள். தாமே ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் என்ற இங்கிலாந்து ஆய்வாளர் 2012-ல் இதை ஒரு கொள்கையாகவே எழுதினார். புரியாமை இரண்டு பக்கமும்தான் இருக்கிறது, அவர்களுக்கு நம்மைப் புரியாதது போலவே நமக்கும் அவர்களைப் புரியவில்லை என்பது சாராம்சம். நியாயம்தானே? என் மருமகன் சந்தோஷமாக இருந்தால் சிரிக்க மாட்டான். இரண்டு கையையும் இறக்கை மாதிரி படபடவென்று அடிப்பான். அது சிரிப்பு என்று எனக்குப் புரிய இரண்டு வருஷம் ஆயிற்று. எனக்கு யாரும் கண்ணாடி தரவில்லை.

காது கேளாத குழந்தைகளுக்கும் இதே வித்தையைச் செய்திருக்கிறார்கள். 2018 டிசம்பரில் ஹுவாவே கம்பெனி ஸ்டோரிசைன் என்று ஒரு ஆப் கொண்டுவந்தது. கதைப் புத்தகத்தின் பக்கத்துக்கு நேரே போனைப் பிடித்தால், ஒரு பொம்மைப் பெண் தோன்றி அந்த வரியைச் சைகை மொழியில் சொல்லும். ஆரம்பத்தில் பத்து ஐரோப்பிய சைகை மொழிகளில், மொழிக்கு ஒரு புத்தகம். சைகை மொழி என்றால் உலகம் பூராவும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் திருத்திக்கொள்ளலாம். நாட்டுக்கு நாடு வேறு. இந்திய சைகை மொழிக்கு அரசு நிறுவனம் ஒன்று 2018-ல் 3,000 சொற்களோடு அகராதி வெளியிட்டு, 2021-க்குள் அதை 10,000 ஆக்கியது. நம் ஊர்ப் பாடப் புத்தகங்களில் 2018 முதல் க்யூ.ஆர். கட்டங்கள் இருக்கின்றன. போனைக் காட்டினால் வீடியோ திறக்கும். அகராதி ஒரு பக்கம், கட்டம் ஒரு பக்கம். இரண்டுக்கும் ஜாதகம் பார்த்து முடிச்சுப் போட்டால், காது கேளாத பிள்ளைக்குத் தன் தமிழ்ப் பாடம் தன் கை மொழியிலேயே வந்துவிடும். அதற்குத் தலையில் மாட்டுகிற கண்ணாடி எதுவும் வேண்டாம். அப்பாவின் பழைய போன் போதும்.

இதுவரை நல்லது. இனி வயிற்றெரிச்சல். டென்னஸியில் பல் தேய்க்கக் கற்றுத்தந்தார்களே, அதற்குப் பயன்பட்ட ஆப்பின் பெயர் ஆரஸ்மா. பிறகு ஹெச்.பி. ரிவீல் என்று பெயர் மாறி, 2020-ல் மூடப்பட்டது. ஸ்டான்ஃபோர்ட் பயன்படுத்திய கூகுள் கிளாஸ் கடைசியாக 2023 மார்ச்சில் விற்பனை நிறுத்தப்பட்டது. பார்வையில்லாதவர்களுக்கு ‘உன் வலது பக்கம் பஸ் ஸ்டாப்’ என்று அந்தத் திசையிலிருந்தே ஒலி வருகிற மாதிரி வழி சொன்ன மைக்ரோஸாஃப்ட் சவுண்ட்ஸ்கேப் 2018-ல் வந்தது, 2023-ல் கடை கட்டியது. அதன் புரோகிராமையாவது யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி திறந்துவிட்டுப் போனார்கள். அந்த மட்டில் புண்ணியம்.

நமக்கு ஒரு ஆப் நின்றுபோனால் இரண்டு நாள் திட்டிவிட்டு வேறொன்றைப் போட்டுக்கொள்வோம். தட்டின் நிறம் மாறினாலே சாப்பிடாமல் எழுந்துவிடுகிற குழந்தைக்கு அது அப்படி இல்லை. ஒரு நாள் காலை யானை அப்பாவாக மாறவில்லை என்றால், அன்றைக்கு வீடே பூகம்பம். கம்பெனிக்காரர்களுக்கு அது ஒரு ‘சேவை நிறுத்தம்’. குழந்தைக்கு உலகமே நின்றுபோன மாதிரி.

ஆகவே பெற்றோருக்கும், வாங்கித்தருகிற மாமாக்களுக்கும், பள்ளி நடத்துகிறவர்களுக்கும் என் சிபாரிசு இதுதான். ஏ.ஆர். கருவி விற்க யாராவது வந்தால், ‘இது என்னவெல்லாம் செய்யும்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘இதை எப்போது கழற்றலாம்? கழற்றினபின் குழந்தையிடம் என்ன மிச்சம் இருக்கும்?’ என்று கேளுங்கள். கோலம் போடக் கற்றுத்தருகிற மாதிரி அச்சுத் தட்டு இருக்க வேண்டும். கை பழகினதும் தட்டு பரணுக்குப் போய்விட வேண்டும். சில உதவிகளைக் கழற்றவே கூடாது என்பதும் உண்மை. பார்வை மங்கலான பிள்ளைக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிற கருவியைப் பிடுங்குவது, நம் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்குவதற்குச் சமம். பேச்சு வராத குழந்தைகள் படத்தைத் தொட்டால் குரலாகச் சொல்லும் ‘ஆவாஸ்’ நம் சென்னையில் பிறந்தது. அஜித் நாராயணன் உருவாக்கியது. அதுவும் அப்படித்தான். அது அந்தக் குழந்தையின் வாய். வாயைக் கழற்றுவார்களா? எது சைக்கிளின் பின்னால் பிடிக்கிற கை, எது சைக்கிளின் சக்கரம் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒரு டீச்சர், எந்தக் கருவியைவிடவும் விலை மதிப்பு உள்ளவர்.

இப்போது நாங்கள் சட்டைப் பட்டனுக்கு வந்திருக்கிறோம். பல் தேய்ப்பதற்கு ஒன்பது துண்டு என்றால், ஐந்து பட்டனுக்கு எத்தனை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அத்தான் மறுபடி மேக்கப் போட ஆரம்பித்துவிட்டார். அக்கா இப்போதெல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்று சொல்ல மாட்டேன். கேட்கிறாள். கொஞ்சம் இடைவெளி விட்டுக் கேட்கிறாள்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. நாளைக்கு லிஃப்டிலோ ரயிலிலோ ஒரு பையன் உங்கள் முகத்தையே உற்றுப் பார்த்தால், ‘என்ன தம்பி முறைக்கிறே?’ என்று எகிற வேண்டாம். செல்போனைக் கீழே இறக்கிவிட்டு, பல் தெரிய, நிதானமாக, தெளிவாக ஒரு தரம் சிரியுங்கள். பாவம், அவன் ஹோம்வொர்க் செய்துகொண்டிருக்கலாம்.